வாதாங்கொட்டை வைத்த முறை

பொன்கனி வீட்டுப் புறவாசலில் நிற்கிற வாதாமரம் அந்த வருஷத்து முதல் கொட்டையை யார் தலையில் போட்டது என்றால், கேஸ் சிலிண்டர் தூக்கிக்கொண்டு வந்த மரியசிங்கத்தின் உச்சந்தலையில் போட்டது. போட்ட போட்டில் அவன் சிலிண்டரை நங்கென்று இறக்கிவைத்து, தலையைத் தடவி, திரும்பி, மேலப்பக்கத்து மதிலுக்கு அப்பால் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பல் விளக்கிக்கொண்டிருந்த துறைமுக கிளார்க், ரிட்டயர்டு, கோமதிநாயகத்தைப் பார்த்து, பிறந்ததிலிருந்து பழகின குரலில், "அப்பா" என்றான். கோமதிநாயகம் வாய் நிறைய நுரையோடு கொஞ்சம் யோசித்தார். பிறகு துப்பிவிட்டு, "இம்புட்டு நேரம் எங்கல போயிருந்த? சாப்பிட்டியா இல்லியா?" என்றார். அவ்வளவுதான், காரியம் முடிந்தது. மத்தியானம் மரியசிங்கம் அந்த வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து புளிக்குழம்பு ஊற்றி இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான், மிச்சமிருந்த ஒன்பது சிலிண்டரையும் கொண்டுபோய்ப் போட்டான், விளக்கு வைக்கும் முன்னே பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிவந்து பெரியவர் காலில் விழ வைத்தான். அந்த மார்கழியில் கோமதிநாயகம் வீட்டு நிலைவாசலில் முருகன் படத்துக்குப் பக்கத்திலேயே கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கியது, இரண்டும் ஒன்றையொன்று ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

தூத்துக்குடியில் உப்போடைத் தெருக்காரர்கள் எதற்கும் வாயைப் பிளக்கிற ஆட்கள் இல்லை. "மரம் மொறை வச்சிட்டு," என்றார்கள், வெயில் ஏறிட்டு என்பதைப் போல. வாயைப் பிளந்தது பொன்கனி ஒருத்திதான், அதுவும் லேப்பில், யாரும் பார்க்காதபோது. அவளுக்கு ரத்தம் எடுக்கிற வேலை. மறுநாள் கோமதிநாயகத்துக்குச் சர்க்கரை பார்க்க ஊசி குத்தினவள், துணைக்கு வந்த மரியசிங்கத்துக்கும் தலை கிறுகிறுக்கிறது என்றானே என்று குத்தினாள். அவன் சட்டைப்பையில் இருந்த ரத்ததான அட்டையில் பி பாசிட்டிவ் என்று அச்சடித்திருக்க, கண்ணாடித் துண்டில் அவன் ரத்தம் ஓ பாசிட்டிவ் என்றது, கிழவருடையதும் ஓ பாசிட்டிவ். மூன்று தடவை பார்த்தாள், மூன்று தடவையும் அதேதான். லேப் டாக்டர் பூதக்கண்ணாடி வைக்காத குறையாகப் பார்த்துவிட்டு, "கையெழுத்து நான் போடுதேன், காரணம் மட்டும் என்ட்ட கேக்காத," என்றார்.

ஆக, கொட்டை தலையில் விழுந்தவர் முதலில் யாரைப் பார்க்கிறாரோ அவரை ஒரு முறை வைத்துக் கூப்பிடுவார், கூப்பிட்ட முறை வாயோடு நிற்காமல் ரத்தத்துக்குள் இறங்கிவிடும், இதுதான் சங்கதி. இலை சிவக்கச் சிவக்கக் கொட்டை விழுந்தது, விழ விழ உறவு பெருகியது. மதில் ஓரத்தில் சாக்கடைத் தகராறில் பதினெட்டு வருஷமாகப் பேசாத இரண்டு குடும்பமும் ஒரே வியாழக்கிழமையில் சம்பந்தி ஆனார்கள், ஆகி, சம்பந்திகளுக்கே உரிய முறையில் அன்று மாலையே புதிதாகச் சண்டை போட்டார்கள். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் அஞ்சு வயசுப் பிள்ளை ஒருத்தியைப் பார்த்து "பெரியம்மா" என்றுவிட, அது அவரை உட்கார வைத்து ஏன் மெலிஞ்சுபோயிட்ட என்று விசாரித்து வெறும் சொப்பில் சாம்பார் ஊற்ற, அவரும் கண்கலங்கிக் குடித்தார். தையற்கடை மூக்காண்டி தன் பெண்டாட்டியைப் பார்த்து "சித்தி" என்றான், போச்சு. அவள் அவனுக்கு வாசலுக்கு வெளியே பாயைப் போட்டுவிட்டு, "போயி மரத்தடில நில்லும், சரியான மொறையோட உள்ள வாரும்," என்று சொல்ல, அவன் நாலு நாள் அண்ணாந்தபடி நின்று, நடுவில் ஒருதடவை "மருமவளே" என்று கூப்பிட்டு வாங்கிக்கட்டிக்கொண்டு, ஐந்தாம் நாள்தான் "ஏ புள்ள" என்று கூப்பிட்டு வீட்டுக்குள் போனான்.

தெருச் சங்கம் கூடியது. புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் பொன்கனி வீட்டுப் பக்கம் வரவேண்டும் என்று பேசினார்கள், பேசினவர்களில் பாதிப்பேர் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். மரத்தை வெட்டிவிடலாமா என்று யாரோ கேட்டதற்கு, "ஏன் வே, எங்க அப்பாவத் தந்த மரத்த வெட்டச் சொல்லுதீரா?" என்று மரியசிங்கம் எழுந்துவிட்டான், அத்தோடு அந்தப் பேச்சு அமுங்கியது. முறைக்குச் சாட்சி தலையில் இருக்கிற வீக்கம், வீக்கம் இல்லாமல் யாரும் புது முறை கொண்டாடக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். இன்னொன்றும் அப்போதுதான் தெரியவந்தது. தொண்டையில் ஆபரேஷன் செய்து பேசக்கூடாது என்று கட்டுப் போட்டிருந்த ரயில்வே கேட் கீப்பர் தலையில் ஒன்று விழுந்ததாம், பேச முடியாமல் அவர் அப்படியே உட்கார்ந்திருக்க, சாப்பாட்டு நேரத்தில் வீக்கம் வற்றியதாம், ஒரு முறையும் வரவில்லையாம். வீக்கம் வற்றுமுன் வாய்விட்டுச் சொல்லாவிட்டால் சொல் உள்ளேயே செரித்துப்போகும் என்று எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

பொன்கனியும் போட்டாள். வீக்கத்துக்கு ஐஸ், விசாரிப்புக்குக் காப்பி என்று அவள் புறவாசல் அந்த இரண்டு மாதமும் கல்யாண வீடு மாதிரிதான் இருந்தது. ஆனால் அவளுக்கு இதில் ஒரு சொந்தக் காரியம் இருந்தது, அதை அவள் ஒரு ஈ காக்காயிடமும் சொல்லவில்லை.

கீழப்பக்கத்து வீட்டில் சுயம்புலிங்கம் இருந்தார், முந்திரியும் சீனியும் சேர்த்து மக்ரூன் பிஸ்கட் போடுகிறவர், நாற்பத்துநாலு வயசு, கல்யாணம் ஆகவில்லை. மக்ரூனுக்கு முட்டையின் வெள்ளைக்கருதான் வேண்டும், மஞ்சள்கரு அவ்வளவும் மிச்சம். தினமும் காலை ஆறரைக்கு ஒரு டம்ளர் நிறைய மஞ்சள்கருவை மதில்மேல் வைத்து, "இந்தாங்க, வீணாப் போகுது," என்பார். பொன்கனி வாங்கி, பொரித்து, ஒன்றுவிடாமல் சாப்பிடுவாள். முப்பத்தொன்பது வயசில் அவளுக்குக் கொலஸ்ட்ரால் இருநூற்றறுபத்தெட்டு இருந்தது. அவளே எடுத்து, அவளே பார்த்து, அவளே கிழித்துப் போட்ட ரிப்போர்ட் அது.

சிக்கல் எங்கே என்றால், அவர் அவளுக்கு அண்ணன். ஆக்கியதும் அவளேதான். ஆறு வருஷத்துக்கு முந்தி அவள் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து, பந்தல் போட்டாயிற்று, எண்பது பேர் வந்தாயிற்று, ஆசாரி தங்கக் கம்பியைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறார், பிள்ளையை மடியில் வைக்கத் தாய்மாமன் இல்லை. கூடப்பிறந்த ஆம்பளை இல்லாத வீடு அது. முறைக்கு ஒத்துக்கொண்ட சாத்தான்குளத்து ஒன்றுவிட்ட அண்ணன் பஸ்ஸை விட்டுவிட்டான், நல்ல நேரம் முடியப் பத்து நிமிஷம். லேப்பில் ஊசி குத்தும்போது பயப்படுகிறவர்களை எல்லாம் "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, எறும்பு கடிக்க மாதிரிதான்" என்று சொல்லிச் சொல்லிப் பழகின வாய் அவளுடையது, அந்த வாய் யோசிக்காமல் மதிலை எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, பத்து நிமிஷம் தாய்மாமனா வந்து உக்காருதியளா?" என்று கேட்டுவிட்டது. அவர் கையில் சீனியோடு வந்தார், உட்கார்ந்தார், பிள்ளையை மடியில் வாங்கினார். கம்பி ஏறினதும் பிள்ளை வீறிட, அதைவிடச் சத்தமாக அவர் அழுதார், சட்டையில் பொட்டு ரத்தத்தோடு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எண்பது பேர் பார்க்க. பொன்கனிக்கு அவர்மேல் ஆசை வந்தது சரியாக அந்த நிமிஷத்தில்தான், அவர் அவளுக்கு அண்ணன் ஆனதும் அதே நிமிஷத்தில்தான். என்னத்தைச் சொல்ல. பந்தலில் வைத்து ஆனது ஆனதுதான், ஊரில் இருக்கிற அத்தனை பேரும் அன்றிலிருந்து "ஒங்க அண்ணன், ஒங்க அண்ணன்" என்றார்கள், தங்கச்சி மகள் அவரை மாமா என்றாள். அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல், அவர் ஏபி நெகட்டிவ், அவள் ஓ பாசிட்டிவ். இரண்டு ரத்தத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆகையால் சம்பந்தம் பேசினால் குற்றமில்லை என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

அதனால்தான் தெருவெல்லாம் ஹெல்மெட் மாட்டித் திரிந்தபோது இவள் தலையை வாரி, எண்ணெய் தேய்த்து, வகிட்டை நேராக எடுத்துக்கொண்டு காலை ஆறேகாலுக்கே வாருகோலோடு மரத்தடியில் நின்றாள். ஆறரைக்கு அவர் டம்ளரோடு வருகிற நேரத்தில் ஒரு கொட்டை விழுந்தால் போதும், முதலில் பார்க்கிற முகம் அவருடையதாக இருக்கும், வாய் "அத்தான்" என்று சொன்னாலும் சொல்லும். "அண்ணே" என்று சொன்னாலும் சொல்லும்தான். அப்படிச் சொன்னால் ரத்தமும் அண்ணன் ரத்தமாகிவிடும், ஆசையும் சேர்ந்து ஒழியும், ஒருவழியாக நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்துப் பார்த்து, அந்த நினைப்பிலேயே பயந்து வாருகோலைக் கீழே போடுவாள். மரமா, அவளைச் சீண்டிப் பார்த்தது. வலது தோளுக்கு ஒரு விரற்கடை தள்ளிப் போட்டது, செருப்புக்குப் பக்கத்தில் போட்டது, குனிந்தால் நிமிர்ந்த இடத்திலும் நிமிர்ந்தால் குனிந்த இடத்திலும் போட்டது. ஒருநாள் வாரிக் குவித்த குவியல் மேலேயே ஏறி நின்றாள், அன்றைக்கு அத்தனை கொட்டையும் தகரக் கொட்டகை மேல் டமார் டமாரென்று விழுந்து கொல்லையில் இருந்த கோழி அத்தனையும் ஒன்றுக்கொன்று மாமியார் மருமகள் ஆகிக் கொத்திக்கொண்டன.

அவரும் ஹெல்மெட் போடவில்லை என்பதை அவள் கவனிக்காமல் இல்லை.

"தலையில விழுந்துரும், உள்ள போங்க," என்பாள்.

"விழட்டுமே," என்பார். பிறகு இரண்டு பேரும் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள், மரம் கம்மென்று இருக்கும்.

கார்த்திகை வந்தது, இலை போயிற்று. உச்சிக் கொப்பில் ஒரே ஒரு கொட்டை மிச்சம் நின்றது. அந்த வாரம்தான் உடன்குடியிலிருந்து சுயம்புலிங்கத்தின் அக்கா அமிர்தவல்லி பஸ் இறங்கி, தம்பி வீட்டுக்குள் பையை வைத்த கையோடு மதிலோரம் வந்தாள்.

"ஏட்டி பொன்கனி, ஞாயித்துக்கிழமை வேலை ஒண்ணும் வச்சிக்கிடாத. நாசரேத்துல ஒரு பிள்ளை இருக்கு, ஸ்கூல்ல வேலை. தம்பிக்கு நீதான தங்கச்சி மொறை, பூ நீதான் வைக்கணும். தாலி கட்டும்போது மூணாம் முடிச்சும் நீதான். எனக்குக் கை நடுக்கம், நான் போட்டா அவுந்துரும்."

"அதுக்கென்னக்கா, போட்டுருவோம்," என்றாள் பொன்கனி. சொல்லிவிட்டு உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அழுதது போதாது என்று தோன்ற, குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டு மறுபடியும் அழுதாள். அவளே மாப்பிள்ளையின் தங்கச்சியாக நின்று, அவளே இன்னொருத்தி கழுத்தில் இறுக்கி முடிச்சுப் போட வேண்டும், ரத்தம் எடுக்க ரப்பர் பட்டை கட்டின கை, அவள் கட்டினால் அவிழவும் அவிழாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு அவர் புதுச் சட்டையோடு மதிலுக்கு வந்தார், கையில் வழக்கமான டம்ளர். பின்னாலேயே அமிர்தவல்லி பூத்தட்டை ஏந்திக்கொண்டு, "ஏலே, சட்டையில சிந்திராத," என்று சொல்லிக்கொண்டு வந்தாள். பொன்கனி பட்டுச்சேலையில் நின்றாள், நாத்தனார் முறைக்கு உடுத்தினது. அவர் டம்ளரை நீட்டினார், அவள் கையை நீட்டினாள், காற்று கூட இல்லை, உச்சிக் கொப்பில் இருந்த கடைசிக் கொட்டை தன்பாட்டுக்குப் புறப்பட்டு வந்து அவர் உச்சந்தலையில் ணங்கென்று உட்கார்ந்து உருண்டு போயிற்று.

அவர் பொன்கனியைப் பார்த்தார். வேறு யாரைப் பார்ப்பார், எதிரே அவள்தானே. கண் அப்படியே நிலைத்தது, நெற்றி சுருங்கியது, உள்ளேயிருந்து சொல் ஏறி வருவது தொண்டையில் தெரிந்தது, உதடு இரண்டும் ஒட்டி "ம்" என்று கூடியது. அந்த ஒரு எழுத்துக்குள் பொன்கனி ஒரு ஆயுசு வாழ்ந்தாள். மைனி என்றால் பிழைத்தாள், கட்டிக்கொள்கிற மாமன் மகளையும் மைனி என்பார்கள், கட்டிக்கொண்டவனின் அக்காவையும் மைனி என்பார்கள், அந்தச் சொல்லில் கல்யாண வாசம் உண்டு. ஆனால் மகளும் ம-தான், மருமகளும் ம-தான், வயசு பார்க்கிற மரமா அது. இரண்டு மாதமாக எந்தச் சொல்லுக்காக வெறுந்தலையோடு நின்றாளோ அது இதோ ஒரு விரற்கடை தூரத்தில் வந்து நிற்க, அவளுக்கு அது வேண்டாம் என்று ஆகிவிட்டது. மரம் என்ன சொல்வது. பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரே தாவாகத் தாவி மதில்மேல் ஏறி, உதடு ஒட்டியிருக்கும்போதே அவர் வாயைக் கையால் பொத்தினாள். டம்ளர் விழுந்தது, மஞ்சள்கரு புதுச் சட்டை முழுக்க வழிந்தது.

"விடுட்டி, சொல்லட்டும்," என்றாள் அமிர்தவல்லி.

"விட மாட்டேங்க்கா. சொல்லிட்டாருன்னா ரத்தம் மாறிப்போகும். வீக்கம் வத்துற வரைக்கும் விட மாட்டேன்."

சத்தம் கேட்டுத் தெரு வந்தது. ஹெல்மெட்டோடு வந்தவர்கள் மரத்தில் இனி ஒன்றுமில்லை என்று பார்த்துக் கழற்றினார்கள். கோமதிநாயகம் நாற்காலி கொடுத்தார், மரியசிங்கம் ஐஸ் வாங்கிவந்தான், சுயம்புலிங்கத்தை நாற்காலியில் உட்கார வைத்து, அமிர்தவல்லி துணியில் ஐஸைச் சுற்றி வீக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னால் நிற்க, பொன்கனி மதிலில் உட்கார்ந்து அவர் வாயைப் பொத்தியபடி இருந்தாள், ஒரு கை அசந்தால் மறு கை. அவர் விலக்கிவிடப் பார்க்கவில்லை, தொட்டிலில் கிடக்கிற பிள்ளை மாதிரி மலங்க மலங்க அவளையே பார்த்தார். வேடிக்கை பார்த்தவர்கள் கொஞ்ச நேரத்தில் இது இப்போதைக்கு ஆகாது என்று தோசைக்குப் போய்விட்டார்கள். நாசரேத்துக்குப் போகிற எட்டு மணி பஸ்ஸும் போயிற்று, ஒன்பதரை பஸ்ஸும் போயிற்று.

பதில் சொல்ல முடியாத ஆள் கையில் கிடைத்தால் யார்தான் சும்மா இருப்பார். பொன்கனி பேச ஆரம்பித்தாள். "மொதல்ல மன்னிச்சிருங்க, காதுகுத்துக்கு ஒங்களக் கூப்பிட்டது என் வாய்ப் புத்தி," என்று தொடங்கினாள். அவர் பிள்ளையைவிடச் சத்தமாக அழுததைச் சொன்னாள். ஆறு வருஷமாகத் தின்ற மஞ்சள்கருவைச் சொன்னாள், கொலஸ்ட்ரால் எவ்வளவு என்பதைச் சொன்னாள், டாக்டர் கண்ணில் படாமல் கிழித்ததைச் சொன்னாள். அடுப்பு வாசமும் சீனி வாசமும் மதிலைத் தாண்டி வந்தால் அன்றைக்கு லேப்பில் எத்தனை பேருக்குக் குத்தினாலும் ஒருத்தருக்கும் வலிப்பதில்லை என்றாள். காய்ச்சல் வந்து அவர் நாலு நாள் மதிலுக்கு வராதபோது தான் ஆஸ்பத்திரிக்கு வந்து, உள்ளே வராமல், ஜன்னல் வழியாக மூச்சு விடுகிறாரா என்று பார்த்துவிட்டுத் திரும்பினதைச் சொன்னாள். "எனக்கு ஒங்களப் பிடிக்கும், நீங்க என்னவோ ஒரு மொறைன்னு வச்சிப் பிடிக்கல, சும்மாவே பிடிக்கும்," என்றாள். சொல்லச் சொல்ல அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கச் சிரிக்க அழுகை வந்தது, பட்டுச்சேலை முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு மேற்கொண்டு சொன்னாள். அவர் கண்ணிலிருந்து வழிந்தது அவள் விரல் இடுக்கில் இறங்கிற்று, அது ஐஸ் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டு அவள் பாட்டுக்குப் பேசினாள். வெயில் மதிலை விட்டு இறங்கித் தண்ணீர்த் தொட்டிக்குப் போயிற்று. ஐஸ் மூன்று தடவை வாங்கியாயிற்று. எல்லாம் பேசித் தீர்ந்து, தொண்டை வற்றி, ஒரு மணிக்கு மேல் ஆனபோதுதான் அவள் நிமிர்ந்தாள்.

"வீக்கம் வத்திட்டாக்கா?"

அமிர்தவல்லி ஐஸ் துணியை எடுத்து, தண்ணீரைப் பிழிந்து, கொடியில் காயப்போட்டாள். "அது பத்தரைக்கே வத்திட்டு," என்றாள்.

"பத்தரைக்கா? பின்ன ஏன் சொல்லல?"

"நான் சொல்லத்தான் போனேன். இந்த மூதி கண்ணைக் காட்டி வேண்டாங்கு. சரி, நீ பேசி முடிக்கிற வரைக்கும்னுதான் வெறுந்தலையில ஐஸ் வச்சிக்கிட்டு நிக்கேன், எனக்குக் கையே வெறச்சிட்டு."

பொன்கனிக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் சூடேறியது. சடாரென்று கையை இழுத்தாள், கை வரவில்லை. சுயம்புலிங்கம் தன் இரண்டு கையாலும் அதைப் பிடித்து வாயோடு சேர்த்து வைத்திருந்தார். அப்படி வைத்துக்கொண்டே உள்ளங்கைக்குள் என்னவோ சொன்னார், கொஞ்ச நேரம் சொன்னார், ஆறு வருஷத்துக்கு உண்டானதைச் சொன்னார் போல. வெளியே ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை.

"என்னட்டி சொல்லுதான்?" என்றாள் அமிர்தவல்லி.

"ஒண்ணுமில்ல மைனி," என்றாள் பொன்கனி.